ஐம்பது பவுனுக்கு விற்ற கதை

துப்பறியும் கதை என்றவுடன் மாணவர்களாகிய உங்களுக்கு ஷெர்லக் ஹோம்ஸின் நினைவு வருவது இயல்பு. அவரை உலகுக்கு அறிமுகப்படுத்திய முதல் நாவல், 1887-ஆம் ஆண்டின் இறுதியில், இங்கிலாந்தில் ஒரு கிறிஸ்துமஸ் மலரில் வெளிவந்தது. ஆசிரியர் கானன் டாயில் அதற்குப் பெற்ற தொகை 25 பவுன். அந்நாளில் அக்கதையைப் பெரிதாகப் பொருட்படுத்தியவர் சிலரே. ஏனெனில், அதே குளிர்காலத்தில் லண்டன் மக்களின் கையில் வேறொரு துப்பறியும் நாவல் இருந்தது. அதன் பெயர் ‘ஹேன்சம் வண்டி மர்மம்’. அதை எழுதியவர் லண்டன்வாசியும் அல்லர். பெயர்பெற்ற எழுத்தாளரும் அல்லர். பன்னிரண்டாயிரம் மைலுக்கு அப்பால், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில், ஒரு வழக்கறிஞரிடம் குமாஸ்தாவாக இருந்த இளைஞர். பதிப்பாளர் எவரும் ஏறெடுத்துப் பாராத அந்தக் கதையை அவர் தம் சொந்தச் செலவிலேயே அச்சிட்டார். அவர் பெயர் பெர்கஸ் ஹியூம்.

வரலாறு என்றால் முடியும் போரும் மட்டும் அல்ல. ஒரு புத்தகத்துக்கும் வரலாறு உண்டு. அதை யார் எழுதினார், யாருடைய காசில் அச்சேறியது, யார் வாங்கினர், யார் செல்வர் ஆயினர் என்று கேட்டுக்கொண்டே போனால், ஒரு காலத்தின் சமுதாயம் முழுவதும் நம் கண்முன் வந்து நிற்கும். அந்த முறையில்தான் ஹியூமின் நூலை இங்கே ஆராய விரும்புகிறேன்.

பெர்கசன் ரைட் ஹியூம் 1859-ஆம் ஆண்டு ஜூலை 8-ஆம் நாள் இங்கிலாந்தில் வூஸ்டர்ஷயரைச் சேர்ந்த பொவிக் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அவ்வூரிலிருந்த மனநோயாளர் விடுதியில் அலுவல் பார்த்தவர். குழந்தை நடை பழகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தபோது குடும்பம் கப்பலேறி நியூஸிலாந்துக்குப் போயிற்று. டனீடின் நகரில் குடியேறியது. அப்பகுதியில் 1861-இல் தங்கம் கண்டெடுக்கப்பட்டிருந்தது. அதன் பயனாக, சிறு துறைமுகமாக இருந்த டனீடினில் சில ஆண்டுகளுக்குள் உயர்நிலைப் பள்ளியும் பல்கலைக் கழகமும் தோன்றிவிட்டன. ஹியூம் அவ்விரண்டிலும் பயின்றார்; சட்டம் படித்தார்; 1885-இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்றார். வேறொருவராயின் அங்கேயே பலகை மாட்டித் தொழிலைத் தொடங்கியிருப்பார். இவருடைய மனமோ நாடகத்தில் இருந்தது. நாடகமெழுதிப் பெயர் பெற வேண்டுமென்றால் பெருநகரம் வேண்டும். அக்காலத்தில் அந்தத் தென்கடல் நாடுகளில் பெருநகரம் என்றால் மெல்போர்ன்தான்.

மெல்போர்னைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நூலின் வெற்றிக்குப் பாதிக் காரணம் அந்நகரம். 1835-இல் ஆற்றங்கரையில் சில கூடாரங்களாகத் தொடங்கிய குடியிருப்பு அது. 1851-இல் விக்டோரியா மாகாணத்தில் தங்கம் கிடைத்தது. உலகின் நாலா திசையிலிருந்தும் மக்கள் வந்து குவிந்தனர். ஹியூம் வந்து இறங்கிய காலத்தில் நிலத்தின் விலை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. கம்பிவடத்தால் இழுக்கப்படும் டிராம் வண்டிகள் அந்த 1885-ஆம் ஆண்டிலேதான் ஓடத் தொடங்கின. அதே ஆண்டில் அங்கு வந்த லண்டன் பத்திரிகையாளர் ஜார்ஜ் அகஸ்டஸ் சாலா, ‘அற்புத மெல்போர்ன்’ என்று அதற்குப் பட்டம் சூட்டிச் சென்றார். 1891-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை ஐந்து இலட்சத்தை நெருங்கியிருந்தது.

அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஆசிரியனாகிய நான் அதைச் சொல்லாமல் விடமாட்டேன். 1872-இல் விக்டோரியா அரசாங்கம், கட்டணமில்லாத கட்டாயக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தின் கீழ்ப் பள்ளிக்குப் போன சிறுவரும் சிறுமியரும் 1886-இல் இருபது வயதினர். கடையிலும் ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்வோர். அவர்களுக்குப் படிக்கத் தெரியும். மாலையில் ஓய்வு உண்டு. பையில் ஒரு ஷில்லிங் உண்டு. மூன்று பெரும் பாகங்களாக, கெட்டி அட்டையில் வரும் நாவலை வாங்க அவர்களால் இயலாது. ஒரு ஷில்லிங்குக்குக் கிடைக்கும் புத்தகம் எதுவோ அதையே அவர்கள் தேடினர். பள்ளிக்கூடம் வாசகரை உண்டாக்கி வைத்திருந்தது. அவ்வாசகருக்கேற்ற எழுத்தாளர் இன்னும் வரவில்லை.

மெல்போர்னில் ஹியூம் வழக்கறிஞர் ஒருவரிடம் குமாஸ்தாவாக அமர்ந்தார். பகலில் அலுவலகம், ஓய்வு நேரத்தில் நாடகம் எழுதுதல். எழுதிய நாடகங்களை எடுத்துக்கொண்டு நாடக அரங்கங்களின் வாயிலில் நின்றார். அரங்க மேலாளர்கள் அவற்றைப் படித்துப் பார்க்கவும் இசையவில்லை. பெயரில்லாதவன் எழுதியதை எவன் படிப்பான்? பெயர் வேண்டுமானால் எழுதியது வெளிவர வேண்டும். இந்தச் சுழலிலிருந்து வெளியேற அவர் ஒரு வழி கண்டார். முதலில் ஒரு நாவலால் நகரத்தின் கவனத்தைத் திருப்புவது; அதன் பின் அரங்க மேலாளர்கள் தாமாகவே கதவைத் திறப்பார்கள் என்பது அவர் எண்ணம். ஆகவே, இந்த நாவல் அவர் உள்ளத்தில் நெடுநாள் கனன்ற கனவு அன்று. நாடக மேடைக்கு ஏறுவதற்காக அவர் தேடிக்கொண்ட ஏணி.

இந்த விவரங்கள் நமக்கு எங்கிருந்து கிடைக்கின்றன? 1896-இல் வெளிவந்த திருத்திய பதிப்புக்கு ஹியூமே எழுதிய முன்னுரையிலிருந்து. நிகழ்ச்சி நடந்து பத்தாண்டு கழித்து, சம்பந்தப்பட்டவரே தம்மைப் பற்றிச் சொல்லும் சான்று அது. வரலாறு படிப்போர் அத்தகைய சான்றைத் தள்ளவும் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவும் கூடாது. தமக்குப் பெருமை தரும் இடங்களில் மனிதர் சற்று மிகைப்படுத்துவர். தமக்குப் பெருமை தராததைச் சொல்லும்போது பெரும்பாலும் மெய்யே பேசுவர். இந்த முன்னுரையில் அத்தகைய இடங்கள் உள்ளன. அவற்றையே நான் அதிகமாக நம்புகிறேன்.

அவற்றுள் ஒன்று இது. மெல்போர்னின் பெரிய புத்தகக் கடைக்காரர் ஒருவரிடம் ஹியூம் சென்று, உம்மிடம் எந்த வகைப் புத்தகம் மிகுதியாக விற்கிறது என்று கேட்டார். காபோரியோவின் துப்பறியும் கதைகள் என்று விடை வந்தது. எமில் காபோரியோ பிரெஞ்சு நாட்டவர், 1873-இல் மறைந்தவர். ‘லெகாக்’ என்னும் துப்பறிவாளரைப் படைத்துப் புகழ் பெற்றவர். ஹியூம் அதுவரை அவர் பெயரையும் கேட்டதில்லை. கடையிலிருந்த காபோரியோ நூல்களை எல்லாம் மொத்தமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். ஒன்றன்பின் ஒன்றாகக் கவனமாகப் படித்தார். பிறகு, அதே இனத்தில் தாமும் ஒன்று எழுதுவது என்று முடிவு செய்தார். கொலை வேண்டும், மர்மம் வேண்டும், மெல்போர்னின் அடித்தட்டு வாழ்க்கையும் அதில் இடம்பெற வேண்டும்.

எது விலைபோகும் என்று விசாரித்துவிட்டு எழுத உட்காருவது எழுத்தாளனுக்கு அழகா என்று உங்களில் சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. சந்தைக்குச் சட்டி கொண்டுபோகும் குயவர், மக்கள் எத்தகைய சட்டியை எடுத்துப் பார்க்கிறார்கள் என்று கவனிப்பதில் என்ன குற்றம்? சட்டி ஓட்டையாக இருந்தால்தான் குற்றம். ஹியூம் விசாரித்ததோடு நிற்கவில்லை. ஓர் ஆசிரியரின் நூல்களை வரிசையாகக் கற்றார். கதை எழுத ஆசைப்படும் மாணவர்கள் பலரை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். ஆனால், தாம் எழுத விரும்பும் வகையில் பத்து நூல்களையேனும் ஊன்றிப் படித்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

காபோரியோவிடமிருந்து கதையின் கட்டுக்கோப்பைக் கற்றார். பாரிஸ் நகரை மட்டும் அவர் எடுத்துக்கொள்ளவில்லை. இது அவருடைய நல்லறிவு. ஓரிரவு வெகு நேரங்கழித்து ஹேன்சம் வண்டியில் போய்க்கொண்டிருந்தபோது கதையின் கரு அவருக்குத் தோன்றியது. ஹேன்சம் வண்டி என்பது ஒற்றைக் குதிரை பூட்டிய இரு சக்கர வாடகை வண்டி. 1834-இல் ஜோசப் ஹேன்சம் என்பவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதன் அமைப்பில் ஒரு புதுமை உண்டு. வண்டிக்காரர் பயணிகளுக்குப் பின்புறம், கூரைக்கு மேலே உயரத்தில் அமர்ந்திருப்பார். உள்ளே இருவர் நெருங்கி உட்காரலாம். உள்ளே நடப்பது வண்டிக்காரருக்குத் தெரியாது. பட்டப்பகலிலும் நடுத்தெருவில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு மூடிய அறை அது என்க. ஆயிரம் பேர் அன்றாடம் ஏறி இறங்கிய வண்டி. அதில் ஒரு கொலைக்கு இடமிருக்கிறது என்று கண்டவர் ஹியூம் ஒருவரே.

கதை இவ்வாறு தொடங்குகிறது. நள்ளிரவு கடந்த வேளையில், காலின்ஸ் தெருவில் ஸ்காட்ச் தேவாலயத்தின் அருகே, குடிமயக்கத்தில் இருக்கும் ஒருவரை மற்றொருவர் தாங்கி வந்து வண்டியில் ஏற்றுகிறார். செயின்ட் கில்டா சாலையில் வண்டி போகும்போது, ஏற்றிவிட்டவர் நடுவழியில் இறங்கிக்கொள்கிறார். வண்டிக்காரர் சிறிது தொலைவு சென்று உள்ளே பார்க்கிறார். இருந்தவர் இறந்து கிடக்கிறார். முகத்தில் குளோரோபாரம் தோய்த்த கைக்குட்டை. இறந்தவர் யார், இறங்கிச் சென்றவர் யார் என்பதே கேள்வி.

இதை ஹியூம் சொல்லும் முறை கவனிக்கத்தக்கது. முதல் அதிகாரம் முழுவதும், ‘ஆர்கஸ்’ என்னும் மெல்போர்ன் நாளிதழில் வந்த செய்தியைப் போல அமைந்திருக்கிறது. அந்தப் பத்திரிகையை நகர மக்கள் ஒவ்வொரு காலையிலும் உண்மையாகவே படித்து வந்தனர். அடுத்த அதிகாரத்தில் பிரேத விசாரணையின் சாட்சியங்கள். அதற்கடுத்து, துப்புக் கொடுப்போருக்கு நூறு பவுன் பரிசு என்ற அறிவிப்பு. ஆசிரியர் குறுக்கே வந்து பேசுவதில்லை. வாசகர் கையில் ஆவணங்களைக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்கிறார், வாசகரே நீதிபதியாகிவிடுகிறார். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது எங்கள் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் முதல் வாரத்தில் கற்பிக்கப்பட்ட விதி. பயிற்சி எதுவும் பெறாத இந்தக் குமாஸ்தா, தெரிந்த செய்தித்தாளிலிருந்து தெரியாத மர்மத்துக்கு வாசகரை அழைத்துச் சென்றுவிட்டார். சட்டப் படிப்பும் அவருக்குக் கைகொடுத்தது. சாட்சி விசாரணையும் வழக்குமன்றக் காட்சிகளும் அனுபவமுள்ளவர் கையால் எழுதப்பட்டவை என்பது படிக்கும்போதே புலப்படும்.

கதையில் வரும் சேரிகளை அவர் கற்பனையால் தீட்டவில்லை. லிட்டில் போர்க் தெரு என்பது மெல்போர்னின் ஏழைகளும் சீனக் குடியேறிகளும் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. பல இரவுகள் அங்கே அலைந்து, கண்டதையும் கேட்டதையும் திரட்டியதாக அவர் முன்னுரையில் கூறுகிறார். செல்வர்கள் பகலில் உலாவும் காலின்ஸ் தெருவுக்கும் இந்தச் சந்துகளுக்கும் இடையே சில நிமிட நடைதான். அந்தச் சில நிமிட நடைக்குள் ஒரு நகரம் மறைத்து வைத்திருந்ததை எல்லாம் அவர் கதையாக்கினார். பளிங்குக் கூடத்தில் வாழும் கோடீசுவரரின் பழைய இரகசியம், சந்தில் குடித்துக் கிடக்கும் ஒரு கிழவியின் வாயில் இருக்கிறது. தங்கத்தால் திடீர்ச் செல்வரான பலர் வாழ்ந்த நகரில், இன்றைய பெருமகன் இருபதாண்டுக்கு முன் என்னவாக இருந்தான் என்ற கேள்வி எல்லார் மனத்திலும் இருந்ததே. ஒன்றையும் சொல்ல வேண்டும். அத்தெருவில் வாழ்ந்த சீனரைப் பற்றி அவர் எழுதியவற்றில் அக்காலத்து வெள்ளைக் குடியேறிகளின் வெறுப்பு அப்படியே படிந்திருக்கிறது. இன்று படிப்போர் அதை அடையாளம் கண்டே படிக்க வேண்டும்.

இனி, என் மதிப்பில் இந்த வரலாற்றின் உயர்ந்த இடத்துக்கு வருகிறேன். நாவலை எழுதி முடித்த ஹியூம், கையெழுத்துப் பிரதியை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்துப் பார்த்தார். தாம் யாரைக் கொலைகாரராக வைத்திருந்தாரோ, அவருடைய குற்றம் வாசகருக்கு எளிதில் தெரிந்துவிடும் என்று கண்டார். மர்மக் கதையில் மர்மம் இல்லை. என்ன செய்வது? ஓரிரண்டு பக்கங்களை மாற்றி ஒட்டுப்போட்டிருக்கலாம். அச்சுக்கு அனுப்பிவிட்டு அதிர்ஷ்டத்தை நம்பியிருக்கலாம். அவர் செய்தது வேறு. கதை முழுவதையும் இரண்டாம் முறை எழுதினார். புதிதாக ஒரு பாத்திரத்தைக் கதைக்குள் கொண்டுவந்து, குற்றத்தை அவர் தலையில் ஏற்றினார். அந்தப் பாத்திரத்தின் பெயரை நான் சொல்லப் போவதில்லை. நூலைத் தேடிப் படிக்க நினைக்கும் மாணவர் யாரேனும் இருந்தால் அவருக்கு நான் தீங்கு செய்தவன் ஆவேன்.

தட்டச்சுப் பொறி எல்லார் கைக்கும் வராத காலம் அது. பேனாவை மையில் தோய்த்து எழுத வேண்டும். பகலெல்லாம் அலுவலகத்தில் பிறருடைய பத்திரங்களை எழுதிக் களைத்த கை. பதிப்பாளர் எவரும் ஏற்பதாகச் சொல்லவில்லை. கேட்டு நச்சரிப்பவரும் இல்லை. அந்நிலையில் ஒரு முழு நாவலைத் திரும்ப எழுதினார். முப்பத்தைந்து ஆண்டு மாணவர் கட்டுரைகளைத் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன்: தான் எழுதியதைத் தானே வேற்றாள் கண்ணோடு படித்து, தேறவில்லை என்று தனக்கே மதிப்பெண் போடும் மனத்திட்பம் மிக அரிது.

ஆனால் நூல் அவ்வளவில் அச்சேறிவிடவில்லை. அவர் அணுகிய பதிப்பாளர்கள் கையெழுத்துப் பிரதியைப் பிரித்துப் பார்க்கவும் மறுத்தனர். குடியேற்ற நாட்டில் வாழ்பவன் எழுதுவதில் படிக்கத் தகுந்தது எதுவும் இராது என்பது அவர்கள் கொள்கை. இலக்கியம் லண்டனிலிருந்து கப்பலில் வர வேண்டிய சரக்கு என்று உள்ளூர்க்காரர்களே நம்பியிருந்தனர். இத்தனைக்கும், மேரி பார்ச்சூன் என்ற பெண்மணி, மெல்போர்னிலிருந்து வெளிவந்த ‘ஆஸ்திரேலியன் ஜர்னல்’ என்னும் இதழில் 1860-களிலிருந்தே துப்பறியும் கதைகளைப் புனைபெயரில் எழுதி வந்தார். அவை தொடர்ந்து பல்லாண்டுகள் விரும்பிப் படிக்கப்பட்டன. வாசகர் இருந்தனர், எழுத்தாளரும் இருந்தனர். கண் திறவாதிருந்தவர்கள் இடையில் நின்ற வணிகர்களே.

ஹியூம் துணிந்தார். கெம்ப், பாய்ஸ் என்னும் மெல்போர்ன் அச்சகத்தார் மூலம் சொந்தச் செலவில் நூலை வெளியிட்டார். 1886-ஆம் ஆண்டின் பிற்பகுதி அது. ஐயாயிரம் பிரதிகள் அச்சிட்டதாகவும் அவை மூன்று வாரத்தில் விற்றுத் தீர்ந்ததாகவும் அவர் கூறுகிறார். பெயரில்லாத ஒருவரின் முதல் நூலுக்கு, ஐந்து இலட்சம் மக்களும் இல்லாத நகரில், ஐயாயிரம் என்பது மிகப் பெரிய எண். இது ஆசிரியர் தாமே தரும் கணக்கு என்பதை மறவாதீர்கள். ஆயினும், அடுத்தடுத்துப் பதிப்புகள் வந்தன என்பதும், நகரமெங்கும் அதே பேச்சாக இருந்தது என்பதும் ஐயமில்லாதவை. தாம் நாள்தோறும் நடக்கும் தெருவும், ஏறும் வண்டியும், படிக்கும் செய்தித்தாளும் ஒரு நாவலுக்குள் வருவதை மெல்போர்ன் மக்கள் அதற்குமுன் இவ்வாறு கண்டதில்லை. மறுநாள் ஹேன்சம் வண்டியில் ஏறியவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் மேல் ஒரு கண் இருந்திருக்கும்.

இந்த இடத்தில்தான் தலைப்பில் நான் குறிப்பிட்ட ஐம்பது பவுன் வருகிறது. நூலை லண்டனுக்குக் கொண்டுபோக முன்வந்த சிலர், உரிமையை விலைக்குக் கேட்டனர். பிரெடெரிக் டிரிஷ்லர் என்பவர் அவர்களுள் முதன்மையானவர். ஹியூம் 50 பவுனுக்கு உரிமையை எழுதிக் கொடுத்தார். வாங்கியவர்கள் லண்டனில் ‘ஹேன்சம் வண்டிப் பதிப்புக் கம்பெனி’ என்று அந்த ஒரு நூலின் பெயரிலேயே ஒரு நிறுவனம் தொடங்கி, 1887-இல் ஒரு ஷில்லிங் விலையில் நூலை வெளியிட்டனர்; விளம்பரத்தில் பணத்தைத் தாராளமாக இறைத்தனர். ஓராண்டு கழிவதற்குள் மூன்று இலட்சத்துக்கு மேல் விற்றதாகக் கம்பெனியார் அறிவித்தனர். விற்பவர் சொல்லும் விற்பனைக் கணக்கில் விளம்பரமும் கலந்திருக்கும். பாதியைத் தள்ளினாலும் அதற்குமுன் எந்தத் துப்பறியும் நாவலும் காணாத விற்பனை அது.

கணக்கில் பிரியமுள்ள மாணவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளட்டும். அக்கால முறைப்படி 12 பென்னி ஒரு ஷில்லிங்; 20 ஷில்லிங் ஒரு பவுன்; ஆக 240 பென்னி ஒரு பவுன். ஹியூம் பெற்ற 50 பவுன் என்பது ஆயிரம் ஷில்லிங். அதாவது, ஆயிரம் பிரதிகளின் விலை. மூன்று இலட்சம் பிரதிகளின் விலை 15,000 பவுன். உரிமையை விற்காமல், பிரதிக்கு ஒரே ஒரு பென்னி தருக என்று கேட்டிருந்தாலும் 1,250 பவுன் வந்திருக்கும். கைக்கு வந்ததைப் போல இருபத்தைந்து மடங்கு.

அவரைப் பேதை என்று சொல்லிவிடுவது எளிது. நான் அவ்வாறு சொல்லமாட்டேன். உள்ளூரார் கவனத்தை ஈர்க்கவே அக்கதையை எழுதியதாகவும், அது எல்லை கடந்து சென்றபோது தம்மைவிட வியந்தவர் எவருமில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். மெல்போர்ன் தெருப் பெயர்கள் நிறைந்த கதையை லண்டன்வாசி ஏன் படிப்பான்? குடியேற்ற நாட்டான் எழுத்து விலைபோகாது என்று பதிப்பாளர்கள் சொன்னார்களே, அந்த நம்பிக்கை எழுதியவர் மனத்திலும் ஒரு மூலையில் இருந்தது. அவர்கள் மறுத்தபோது அதை எதிர்த்து வென்றவர், தம் நூலுக்குத் தாமே விலை சொல்ல வேண்டியபோது அதற்கு இணங்கிவிட்டார். அந்த 1886-ஆம் ஆண்டு செப்டம்பரிலேதான், எழுத்தாளர் உரிமையை நாடுகளுக்கிடையே காக்கும் உடன்படிக்கை சுவிட்ஸர்லாந்தின் பெர்ன் நகரில் கையெழுத்தானது. பிற நாட்டவர் திருடிக்கொள்வதிலிருந்து எழுத்தாளனைக் காப்பது அது. தானே மனமொப்பி விற்றுவிட்ட எழுத்தாளனை அது காக்காது.

1888-இல் ஹியூம் இங்கிலாந்து சேர்ந்தார். அவ்வாண்டிலேயே ‘மேடம் மைடாஸ்’ என்ற நாவல் வந்தது. தங்கச் சுரங்கத்துக்கு உரிமையாளரான ஒரு பெண்மணியைப் பற்றியது. அவருடைய முதல் நூல் நாடகமாகி லண்டன் மேடையும் ஏறியது. பிறகு எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டுகளில் நூற்று முப்பதுக்கு மேற்பட்ட நாவல்கள். சராசரி பார்த்தால் ஆண்டுக்கு மூன்று. அவற்றுள் 1898-இல் வந்த ‘அடகுக் கடை ஹாகர்’ குறிப்பிடத்தக்கது. அடகுக் கடை நடத்தும் ஒரு நாடோடி இனப் பெண் துப்பறிபவளாக வருகிறாள். ஒவ்வோர் அடகுப் பொருளும் ஒரு கதையைக் கொண்டு வருகிறது. இக்காலத்திலும் சுவை குன்றாத உத்தி. மற்றவற்றில் பெரும்பாலானவற்றை நூலகப் பட்டியல்களில் மட்டுமே காணலாம். பிழைப்புக்காக வேகமாக எழுத வேண்டியிருந்தவருக்கு, ஒன்றை எழுதி முடித்து, படித்து, தள்ளிவிட்டு, மீண்டும் எழுத நேரம் எங்கே கிடைக்கும்? முதல் நூலை எழுதியபோது அவருக்குச் சம்பளம் தரும் வேலை இருந்தது. ஆகவே அந்த நூலுக்குக் காலம் கிடைத்தது. முழுநேர எழுத்தாளரான பிறகு அந்தக் காலம் கிடைக்கவில்லை. இது என் கருத்து. எழுத்துக்காக வேலையை விட நினைக்கும் இளைஞர்கள் என்னோடு வாதிடலாம்.

அவர் விரும்பிய நாடகப் புகழ் வந்து சேரவில்லை. அட்டையில் எந்த நாவலின் பெயர் இருந்தாலும், ‘ஹேன்சம் வண்டி மர்மத்தின் ஆசிரியர்’ என்ற சொற்றொடர் உடன் வந்தது. எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் தண்டர்ஸ்லி என்ற சிற்றூரில் ஏறத்தாழ முப்பதாண்டுகள் அடக்கமாக வாழ்ந்தார். இளைஞர் மன்றங்களுக்குச் சென்று சொற்பொழிவாற்றுவது உண்டு. 1932-ஆம் ஆண்டு ஜூலை 12-ஆம் நாள் அங்கேயே காலமானார். விட்டுச் சென்ற உடைமை சொற்பம்.

அவர் கதையோ அவரை விட்டுத் தனியே நடந்தது. 1911-இலும் 1925-இலும் ஆஸ்திரேலியாவில் ஊமைப் படமாயிற்று. 2012-இல் அந்நாட்டுத் தொலைக்காட்சியில் மீண்டும் படமாயிற்று. முதற்பதிப்பாக அச்சிட்டதாகச் சொல்லப்படும் ஐயாயிரம் பிரதிகளில் இன்று எஞ்சியிருப்பதாகத் தெரிபவை மிகச் சிலவே. மலிவுத் தாளில் அச்சிட்ட நூல். கைமாறிக் கைமாறிப் படித்துக் கிழித்துத் தீர்த்துவிட்டனர். 1896-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஹியூம் சில மாற்றங்கள் செய்தார். சந்தில் தாம் கண்ட கிழவியின் வசைமொழி மிகக் கடுமையாக இருந்துவிட்டதென்று அதைக் குறைத்தார். ஆதலால், மெல்போர்ன் மக்கள் 1886-இல் படித்த அதே சொற்களைப் படிக்க வேண்டுமானால் பழைய பதிப்பைத்தான் நாட வேண்டும். வேறொருவரைக் கொலைகாரராக வைத்து அவர் முதலில் எழுதிய கதை மட்டும் எந்தப் பதிப்பிலும் இல்லை. அது அச்சேறவே இல்லை.